நடனத்தில் பேராசிரியர் வேலை, ஊரோடு ஒரு கலை வேலை: சேலத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

முதல் நேர்முகத் தேர்வில் நான் நீட்டிய கோப்பில் பதினாறு சான்றிதழ்கள் இருந்தன. எதிரே உட்கார்ந்திருந்தவர் பொறுமையாக எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "ஆடினீங்கன்னு எல்லாத்துலயும் இருக்கு, நீங்கதான் அமைச்சீங்கன்னு ஒண்ணுலகூட இல்லையேம்மா" என்றார். அந்தப் பதினாறில் பதினொன்று நானே ஜதி கோத்து, ஆள் சேர்த்து, மேடையேற்றியவை. சான்றிதழில் இருந்ததோ "பங்கேற்றுச் சிறப்பித்தார்". அந்த வேலை கிடைக்கவில்லை.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரி. தறிச் சத்தத்துக்கு நடுவே தட்டுக்கழி தட்டி வளர்ந்தவள். இப்போது வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் நடனத் துறையில் இருக்கிறேன், வார இறுதியில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் வந்து ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஆட்டம் அமைக்கிறேன். முதுகலை முடித்து இந்த இடத்துக்கு வர ஒன்பது வருடம் ஆனது, அதில் வெறும் காகிதத்துக்காக அலைந்தது மட்டும் இரண்டரை வருடம் இருக்கும். அந்த இரண்டரை வருடத்தை உங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன். ஆட்டம் எப்படி ஆடுவது என்று இதில் ஒரு வரிகூட இருக்காது.

1. பட்டத்தின் வரிசையை முதலில் பாருங்கள்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, இளங்கலை, முதுகலை. இந்த வரிசை குலையக் கூடாது. பத்தாவது முடித்ததும் நடன டிப்ளமோவில் சேர்ந்து, பிளஸ் டூவைத் தாண்டிக் குதித்து, அப்புறம் திறந்தநிலைப் பட்டம் ஒன்று வாங்கி முதுகலை வரை போனவர்களை எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் அரசு வேலை என்று வரும்போது அந்தப் பட்டம் செல்லாது என்று திருப்பிவிடுவார்கள். ஆட்டத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி இப்படித்தான் வெளியே நிற்கிறாள்.

சேலத்தில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. பரதநாட்டியமும் சொல்லித் தருகிறார்கள், மூன்று வருடம், கட்டணம் ஒரு சேலை விலைகூட வராது. அடித்தளம் போட அருமையான இடம். ஆனால் அங்கே வாங்குவது சான்றிதழ், பட்டம் இல்லை, அதை மறக்காதீர்கள். பட்டத்துக்கு வெளியூர்தான் போக வேண்டியிருக்கும். திருச்சியில் கலைக் காவிரி நுண்கலைக் கல்லூரி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அங்கே பரதத்தில் இளங்கலையும் முதுகலையும் உண்டு. சென்னையில் 2013-இல் வந்த இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தொலைநிலையில் படிப்பதானால், நீங்கள் சேரும் அதே ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து யாராவது கேட்பார்கள், அப்போது அந்தப் பக்கம் அங்கே இருக்காது.

உதவிப் பேராசிரியராக முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராத ஓபிசி, மாற்றுத்திறனாளி என்றால் 50.

இன்னொன்று, பெயர். மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பான் அட்டையில் வேறு மாதிரி. நம் ஊரில் எல்லோருக்கும் இதே கதைதான். வேறெதற்கும் விண்ணப்பிக்கும் முன்னால் இதைச் சரி செய்துவிடுங்கள்.

2. நெட் எழுதுங்கள், சாதிச் சான்றிதழில் ஏமாறாதீர்கள்

யுஜிசி நெட் என்பது உதவிப் பேராசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன் சுற்று, டிசம்பர் சுற்று. நம் பாடத்தின் எண் 65, நடனமும் நாடகமும் அரங்கக் கலையும் ஒரே பாடமாக வரும். "நான் பரதம் மட்டும்தான் படிச்சேன்" என்று நாடகப் பகுதியை ஒதுக்கினால் அடி விழும், எனக்கு முதல் முறை விழுந்தது. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், மொத்தம் மூன்று மணி நேரம். தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஆகவே ஒரு கேள்வியையும் விடாதீர்கள். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். குருவிடம் தமிழில் கற்ற அடவு, அபிநயம் எல்லாவற்றுக்கும் ஆங்கில எழுத்தில் என்ன பெயர் போடுகிறார்கள் என்று ஒரு நோட்டு போட்டுக்கொள்ளுங்கள். தெரிந்த விஷயத்தையே அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டு வருவது ரொம்ப வயிற்றெரிச்சல்.

கட்டணம் 2024-இல் பொதுப் பிரிவுக்கு 1,150 ரூபாய், ஓபிசிக்கு 600, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு 325.

இப்போது பொறி. நம் வீட்டில் இருப்பது பிசி, எம்பிசி என்று போட்ட மாநிலச் சாதிச் சான்றிதழ். அது இங்கே உதவாது. மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி சான்றிதழ், கிரீமி லேயரில் இல்லை என்ற வரியோடு, தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வரும். எனக்கு 23 நாள் ஆனது, நடுவில் ஒரு முறை வருமானச் சான்று இல்லை என்று திருப்பினார்கள். நெட் அறிவிப்பு வந்த பிறகு இதற்கு ஓடினால் கதவு சாத்திவிடும். சும்மா இருக்கும் மாதத்திலேயே வாங்கி வையுங்கள்.

3. கலைஞர் என்ற வழியும் இருக்கிறது

நெட் இல்லாமலும் உள்ளே வரலாம் என்று பலருக்குத் தெரியாது. யுஜிசியின் 2018 விதிமுறையில், இளங்கலைப் பட்டம் உள்ள மரபுக் கலைஞரோ தொழில்முறைக் கலைஞரோ உதவிப் பேராசிரியராகலாம். பெயர்பெற்ற குருவிடம் கற்றிருக்க வேண்டும், வானொலி அல்லது தூர்தர்ஷனில் 'ஏ' கிரேடு வேண்டும், பாடத்தைக் காரண காரியத்தோடு விளக்கவும், உதாரணம் காட்டி நடத்தவும் தெரிந்திருக்க வேண்டும். கேட்க இனிக்கும். ஆனால் தூர்தர்ஷன் கிரேடு கீழே இருந்து மேலே ஏறுவது, ஒரே தேர்வில் 'ஏ' கைக்கு வந்துவிடாது. இருபது வயதிலேயே முதல் கிரேடுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்த வழியும் திறந்திருக்கும். நான் 29 வயதில் நினைத்துக்கொண்டேன்.

4. மதிப்பெண் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

நேர்முகத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று தீர்மானிக்க அதே 2018 விதிமுறையில் ஒரு அட்டவணை உண்டு. பல்கலைக்கழகம் என்றால் முனைவர் பட்டத்துக்கு 30. ஜேஆர்எஃப் (நெட்டில் உயர்ந்த மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகை) உடன் நெட் 7, வெறும் நெட் 5, மாநில அளவிலான செட் 3. முதுகலையில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 25, இளங்கலையில் அதே அளவுக்கு 15. ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2, அதிகபட்சம் 10. கற்பித்த அனுபவம் வருடத்துக்கு 2, அதிகபட்சம் 10. விருதுக்கு அதிகபட்சம் 3.

நடனம் அமைத்ததற்கு? ஊர்க்காரர்கள் நாற்பது பேரைச் சேர்த்து ஆறு மாதம் உழைத்ததற்கு? அந்த அட்டவணையில் ஒன்றுமில்லை. எனக்கு இன்றும் இதில் கோபம் உண்டு. ஆனால் கோபத்தை வைத்து விண்ணப்பம் நிரப்ப முடியாதே. அதனால் நான் செய்வது இது: ஒவ்வொரு ஊர் வேலையையும் ஒரு கட்டுரையாக எழுதுகிறேன். சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஆடி மாதம் வண்டி வேடிக்கையில் சாமி வேஷம் கட்டி மணிக்கணக்கில் அசையாமல் வண்டிமேல் நிற்கிறார்களே, அந்த நிற்றலை எப்படிப் பழகுகிறார்கள் என்று எழுதினால் அது ஆய்வு. அதையே மேடையில் போட்டால் ஆட்டம். ஒரே உழைப்பு, இரண்டு காகிதம்.

கட்டுரையைப் பணம் வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் போடுகிறேன் என்கிற இதழ்களிடம் போகாதீர்கள். யுஜிசி-கேர் என்ற தரமான இதழ்களின் பட்டியலை 2025-இல் நிறுத்திவிட்டார்கள், அதனால் எது நல்ல இதழ் என்பதை நீங்களே பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். துறையில் மூத்தவர்கள் யாராவது அதில் எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது என் வழக்கம்.

கற்பித்த அனுபவத்துக்கு, அரசு கலைக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர் வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள். 2024-இல் மாதம் 25,000 ரூபாய்தான். நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700, அதோடு ஒப்பிட்டால் மனசு வலிக்கும். ஆனாலும் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் இதைக் கணக்கில் எடுத்தால் ஐந்து வருடத்துக்கு 10 மதிப்பெண். சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று போட்ட சான்றை ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் வாங்கிவிடுங்கள். முதல்வர் மாறிவிட்டால் புதியவர், "எனக்கு உங்களைத் தெரியாதே" என்பார். என்னிடம் சொன்னார்.

5. முனைவர் பட்டம்

குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடத் தளர்வும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் 2022 விதிமுறையில் உண்டு, வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். நெறியாளரைத் தேடும்போது அவர் எழுதிய கட்டுரையைப் படிப்பதோடு, அவரிடம் படித்து முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று விசாரியுங்கள். இதற்கு மேல் இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை, தலைப்பு உங்களுடையது.

6. இன்றே ஒரு கோப்பு தொடங்குங்கள்

மற்றதெல்லாம் எங்காவது விசாரித்தால் கிடைத்துவிடும். இது எனக்கு யாரும் சொல்லாதது. நீங்கள் அமைக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஐந்து பொருள் கோப்பில் விழ வேண்டும்.

அழைப்பிதழ், அதில் "நடன அமைப்பு" என்று உங்கள் பெயருக்கு எதிரே அச்சாகியிருக்க வேண்டும், வருடமும் இருக்க வேண்டும். "வரும் ஞாயிறு மாலை 6 மணி" என்று மட்டும் அச்சடித்த அழைப்பிதழ்கள் என்னிடம் ஏழெட்டு இருக்கின்றன, பத்து வருடம் கழித்து அது எந்த ஞாயிறு என்று யாருக்குத் தெரியும்? இரண்டாவது, நடத்தியவர்களின் கடிதத்தாளில் சான்று. வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள், அவர்களாக எழுதினால் மறுபடியும் "பங்கேற்றுச் சிறப்பித்தார்"தான். மூன்றாவது, வெட்டாத முழு வீடியோ, கடைசி வரிசையில் முக்காலி வைத்து எடுத்தது. மண்டபத்துக்காரர் கலர் விளக்கோடு வெட்டி ஒட்டித் தருவது கல்யாண வீட்டுக்குச் சரி, தேர்வுக் குழு பார்ப்பது மேடையில் ஆள் எங்கே நிற்கிறார், ஏன் நகர்கிறார் என்பதை. நான்காவது, செய்தித்தாள் துணுக்கு, பக்கத்தின் தேதி தெரிகிற மாதிரி முழுத்தாளாக. ஐந்தாவது, ஆடினவர்கள் பெயர்ப் பட்டியல், கையெழுத்தோடு.

நீங்கள் 35 வயதுக்குள் என்றால் மாவட்டக் கலை மன்ற விருதுக்கும் இதே கோப்பு போதும். 18 வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் சேலத்திலேயே இருக்கிறது, விண்ணப்பத்துக்கு வெளியூர் போக வேண்டாம்.

7. ஊரோடு சேர்ந்து ஒரு ஆட்டம்: மாதம், ஆள், அனுமதி

முதலில் மாதம். சேலத்தில் ஆடியில் வைக்காதீர்கள், கோட்டை மாரியம்மனில் தொடங்கி ஊர் முழுக்கத் திருவிழா, ஒத்திகைக்கு ஒரு ஆள் வரமாட்டார். மார்ச்சில் பள்ளித் தேர்வு. ஏற்காட்டில் மே மாதம் கோடை விழா, அப்போது அறை வாடகையைக் கேட்டால் தலை சுற்றும், கொண்டை ஊசி இருபதையும் தாண்டி வேன் மேலே ஏறவே பாதி நாள் போகும். நவம்பரில் தொடங்கி காப்பிப் பழம் பறிப்பு, தோட்டத்தில் வேலை செய்கிற பெண்கள் இருட்டின பிறகுதான் வீடு திரும்புவார்கள், அவர்களைக் கும்மிக்கு நில் என்று கூப்பிடுவது பாவம். நான் மலைக்குத் தேர்ந்தெடுப்பது பறிப்பு முடிந்த பிப்ரவரிக் கடைசி. மழை இருக்காது, கூலி கையில் இருக்கும், எல்லோருக்கும் முகம் மலர்ந்திருக்கும்.

அடுத்து ஆள். மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் என்றால், நேரே பெண்களிடம் போய்ப் பாட்டைச் சொல்லுங்கள் என்று போனை நீட்டாதீர்கள். ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசி, எதற்கு, எங்கே ஆடப் போகிறோம், எவ்வளவு பணம் என்று சொல்லி, அவர்கள் எது சாமிக்கு மட்டும், எது வெளியில் ஆடலாம் என்று பிரித்துச் சொல்வதைக் கேளுங்கள். நான் முதல் முறை இதைச் செய்யாமல், சேர்வராயன் கோயில் திருவிழாவில் பார்த்த அசைவை அப்படியே எடுத்து மேடையில் வைத்தேன். ஒரு பாட்டி வந்து, "அதை ஏன் கண்ணு இங்க ஆடுன?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு இரவே அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன்.

ஓமலூர், மேச்சேரி, எடப்பாடிப் பக்கத்துக் கூத்துக்காரர்களோடு வேலை செய்வதானால் அவர்கள் கணக்கே வேறு. திருவிழாக் காலத்தில் தினமும் விடிய விடியக் கூத்து, பகலில் தூக்கம், ஆகவே ஒத்திகை சாயங்காலம் நான்கு மணிக்குத்தான். நடுவில் எங்காவது இறந்தவர் காரியத்துக்குக் கூத்து கேட்டு ஆள் வந்தால் உங்கள் ஒத்திகையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அது அவர்கள் சோறு, கோபப்படாதீர்கள். தாம்பூலத்தில் வைத்து முன்பணம் கொடுத்தால்தான் பேச்சு உறுதி. ஒத்திகை நாளுக்கும் கூலி உண்டு. அழைப்பிதழில் கூத்து வாத்தியார் பெயர் உங்கள் பெயர் அளவு எழுத்திலேயே வர வேண்டும், "மற்றும் குழுவினர்" என்று போட்டால் அடுத்த முறை வரமாட்டார், நியாயமும் அதுதான்.

பள்ளிப் பிள்ளைகள் என்றால் தலைமையாசிரியர் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். அரசுப் பள்ளிக்கு முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும், படம் எடுப்பதற்குத் தனி வரி அதில் இருக்க வேண்டும். ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

அப்புறம் காவல்துறை அனுமதி. சேலம் மாநகரம் காவல் ஆணையர் எல்லை, ஏற்காடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் எல்லை. நான் மலை நிகழ்ச்சிக்கான மனுவை மாநகரத்தில் கொடுத்துவிட்டு எட்டு நாள் காத்திருந்த புத்திசாலி. மனுவில் இடம், தேதி, நேரம், எத்தனை பேர், எத்தனை ஒலிபெருக்கி, இட உரிமையாளரின் சம்மதக் கடிதம் எல்லாம் இருக்க வேண்டும். எஸ்டேட் இடம் என்றால் மேலாளர் வாய்வார்த்தை போதாது, உரிமையாளர் கையெழுத்து. வனத்துறை நிலத்துப் பக்கமே போகாதீர்கள். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, ஆகவே விடிய விடியக் கூத்து வைக்கும் ஆசையை மேடைக்குக் கொண்டுவராமல் எட்டரைக்கே முடித்துவிடுங்கள். நான் 20 நாள் முன்னால் கொடுத்து, பெற்றதற்கான முத்திரை போட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்கிறேன்.

மண்டபத்துக்கு நேரு கலையரங்கம் மாதிரிப் பொது அரங்கங்களை விசாரியுங்கள், வாடகையோடு வைப்புத்தொகை, ஜிஎஸ்டி, துப்புரவு, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் தனித்தனியாக வரும், மொத்தமாக எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஒருமுறை நாங்கள் பிடித்திருந்த அரங்கத்தை ஐந்து நாள் முன்னால் அரசு விழாவுக்கு எடுத்துக்கொண்டார்கள். எது என்று சொல்ல மாட்டேன். அதிலிருந்து இரண்டாவது இடம் ஒன்றைப் பேசி வைக்காமல் அழைப்பிதழ் அச்சடிப்பதில்லை. தேர்தல் அறிவிப்பு வரும் போல இருந்தால் தேதியையே தள்ளிவிடுங்கள்.

போன வருடம் நாற்பது பேரோடு மலையில் செய்த ஒரு நிகழ்ச்சிக்கு எனக்கு ஆனது சுமார் 94,000 ரூபாய். இதில் கூலி 41,000, ஒலி ஒளி 18,000, வேன் 11,000, சாப்பாடு டீ 13,000, மீதி உடை, அச்சு, சில்லறை. சாப்பாட்டுக் கணக்கை எல்லோரும் குறைத்துப் போடுவார்கள். ஒத்திகை நாட்களுக்கும் சாப்பாடு உண்டு, பிள்ளைகளோடு அம்மாக்களும் வருவார்கள்.

8. பாட்டு யாருடையது?

பாரதியார் பாடல்கள் 1949-லேயே நாட்டுடைமை. பாடலாம், ஆடலாம். ஆனால் யாரோ ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவைப் போட்டு ஆடினால் அந்த ஒலிப்பதிவுக்கு உரிமை வேறு ஒருவருடையது. பாட்டு எழுதியவர் இறந்து 60 வருடம் ஆகும் வரை வரிக்கு உரிமை, ஒலிப்பதிவுக்கு வெளியான வருடத்திலிருந்து 60. நுழைவுச்சீட்டு போட்ட நிகழ்ச்சி என்றால் உரிமம் வாங்காமல் இறங்காதீர்கள், வீடியோவை யூடியூபில் போட்டதும் ஒலி அணைந்துபோவதும் இதனால்தான். தேர்வுக் குழுவுக்கு ஊமை வீடியோ அனுப்பிய அனுபவமும் எனக்கு உண்டு. நேரடி இசை வைத்துக்கொள்ளுங்கள், இசைக்கலைஞர்களிடம் பதிவைப் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்.

9. பணம் எங்கிருந்து வரும்

தனி ஆளாக வாங்கக்கூடியதை முதலில் வாங்குங்கள். மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை, 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000, இரண்டு வருடம். 25 முதல் 40 வரை இளநிலை ஃபெல்லோஷிப், மாதம் 10,000, இரண்டு வருடம். நாற்பதுக்கு மேல் முதுநிலை, மாதம் 20,000. வயது எந்தத் தேதிக்குக் கணக்கு என்று அறிவிப்பில் பாருங்கள், ஒரு நாளில் தவறவிட்டவர்கள் உண்டு.

நிகழ்ச்சித் தயாரிப்புக்கான மானியம் பெரும்பாலும் பதிவு பெற்ற அமைப்புக்குத்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். ஏழு பேரையும் வீட்டுக்காரர்களாகவே போடாதீர்கள், பின்னால் மானியத்துக்குப் போகும்போது முகம் சுளிப்பார்கள். சங்கம் பெயரில் பான், வங்கிக் கணக்கு, அப்புறம் என்ஜிஓ தர்பண் எண், அதாவது தொண்டு அமைப்புகளுக்கான மத்திய அரசு இணையதளத்தில் பதிந்து வாங்கும் எண். இதோடு முடியாது, மூன்று வருடத் தணிக்கைக் கணக்கும் கேட்பார்கள். அதனால் இன்று பதிந்தால்தான் மூன்று வருடம் கழித்துக் கை நீட்ட முடியும். வருடாந்திரக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய மறந்துவிட்டு அபராதம் கட்டும் சங்கங்கள் நிறைய. மானியம் கிடைத்தாலும் முழுத்தொகையும் முதலிலேயே வராது, பயன்பாட்டுச் சான்றிதழைக் கணக்காளர் கையெழுத்தோடு அனுப்பின பிறகுதான் மீதி. அதுவரை உங்கள் கைப்பணம், எனக்கு ஒருமுறை கொலுசை அடகு வைக்கும் அளவுக்குப் போனது. (கொலுசுக்குப் பேர் போன ஊரில் அதற்கு நல்ல விலைதான் கொடுத்தார்கள்.)

10. மறுநாள் காலை

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் தூங்காதீர்கள். மண்டபத்து வைப்புத்தொகையைக் கேட்டு எழுதிக் கொடுங்கள், தாமதித்தால் நாற்காலி உடைந்தது, திரை கிழிந்தது என்று கழிப்பார்கள், அதற்காகவே முதல் நாள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நாற்காலி, திரை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். நாற்பது பேருக்கும் கூலி போய்ச் சேர்ந்ததா என்று பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். நடத்தியவர்களின் அலுவலகத்துக்கு நேரில் போய், எழுதி வைத்திருக்கும் சான்றிதழில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் முத்திரை வைத்திருப்பவர் திருப்பதி போயிருப்பார்.